குண்டு தொட்ட கம்பி

1995 பிப்ரவரி 6, திங்கள்

இன்று நான்கு ஷாட். நான்கும் வெறும் படம்.

குண்டு தகட்டுக்குள் நுழைகிற கணத்தை எக்ஸ்ரேயில் பிடிப்பதற்காகத்தான் இந்தக் கம்பெனி அறை முழுக்க மின்சாரப் பெட்டிகளை வாங்கி அடுக்கி வைத்திருக்கிறது. குண்டு வருமுன் எக்ஸ்ரே மின்னல் மாதிரி வெட்டினால் படத்தில் தகடு மட்டும் நிற்கும். போன பிறகு வெட்டினால் ஓட்டை மட்டும் இருக்கும். நடுவில் கிடைக்கிற நேரம் ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. அதற்குள் பிடித்தால்தான் போலீஸ்காரன் நெஞ்சில் மாட்டுகிற தகடு எங்கே விரிசல் விடுகிறது என்று தெரியும்.

டார்க் ரூமில் ஃபிலிமைக் கழுவிக் கிளிப்பில் தொங்கவிட்டேன். நான்கிலும் தகடு ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது. டைரக்டர் மோகன்ராம் வந்து பார்த்துவிட்டு, "என்ன நாச்சிமுத்து, இருபத்தாறு வருஷ சர்வீஸுக்கு இதான் படமா?" என்றார். வெளிநாட்டில் டாக்டர் பட்டம் வாங்கியவர். அந்தப் பெட்டியின் மூடியைக் கழற்றச் சொன்னால் எந்தப் பக்கம் ஸ்க்ரூ என்று கேட்பார். நான் ஐ.டி.ஐ. படித்தவன், அதனால் இன்னும் டெக்னீசியன். எழுதி வைத்துக்கொள்கிறேன், வேறென்ன செய்ய.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது. நாளை புக் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 8, புதன்

இன்றும் வெறும் படம், மூன்று. கோளாறு எங்கே என்று எனக்குத் தெரியும். தகட்டுக்கு முன்னால் இரண்டு அலுமினியத் தாள், நடுவில் காகிதம் வைக்கிறோம். குண்டு துளைக்கும்போது இரண்டு தாளும் ஒன்றையொன்று தொடும். அதுதான் எக்ஸ்ரே பெட்டிக்குச் சைகை. ஆனால் துப்பாக்கி உதைக்கிற உதை இரும்பு மேடை வழியாகக் குண்டுக்கு முன்னால் ஓடி வந்து தாளை உலுக்கித் தொட வைத்துவிடுகிறது. தெரிந்து என்ன பிரயோஜனம், மாற்று வழி வேண்டுமே.

மதியம் சாப்பிடும்போது, காயிலுக்குக் கம்பி சுற்றுகிற வசந்தாமணி பக்கத்தில் வந்து நின்றாள். காண்ட்ராக்டில் ஒன்பது வருஷமாக எங்கள் பெட்டிகளுக்கு வைண்டிங் செய்கிறவள். அதற்கு முன் பீளமேட்டில் பம்ப் மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தாள். கேட்காமலே பேசுகிற சுபாவம்.

"ஏனுங்ணா, தாளு தொட்டாத்தான் சைகைங்களா?"

"ஆமா."

"அறுந்தாச் சைகைன்னு வெச்சுக்கிட்டா ஆகாதுங்களா? சன்னக் கம்பியச் சட்டத்துல நெருக்கமாச் சுத்தி வெச்சுட்டா, குண்டு அறுக்காம அக்கட்டப் போக முடியாதுங்களே. மேடை ஆடினாக் கம்பி அறாதுங்."

"உன் வேலையப் பாரு அம்மிணி" என்றேன். சாப்பிடுகிற நேரத்தில் இதென்ன தொணதொணப்பு.

பிப்ரவரி 9, வியாழன்

காலையில் குளிக்கும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. தாளுக்குப் பதில் கம்பி. தொடுவதற்குப் பதில் அறுவது. இருபத்தாறு வருஷ அனுபவம் சும்மா போகாது.

பிப்ரவரி 10, வெள்ளி

ஒரு சாண் சதுரத்தில் மரச்சட்டம் அறுத்து வசந்தாமணியிடம் கொடுத்தேன். எப்படிச் சுற்ற வேண்டும் என்று விளக்கினேன். அவள் பாதி கேட்கும்போதே சுற்ற ஆரம்பித்துவிட்டாள். இவளுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். எல்லோரும் இடப்பக்கம் தொடங்கினால் இவள் வலப்பக்கம் தொடங்குவாள். மெழுகு தடவிய துணியை விரலிடுக்கில் வைத்து, அதன் வழியாகத் தலைமயிர் மாதிரி சன்னமான தாமிரக் கம்பியை இழுக்கிறாள். பத்துச் சுற்றுக்கு ஒரு தரம் நகத்தால் தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோகிறாள்.

"இறுக்கிட்டா அதிர்ச்சிக்கே அத்துப்போகுமுங். தொளதொளன்னு இருந்தாக் குண்டு தள்ளிட்டுப் போயிரும்" என்றாள்.

பத்துப் பத்துச் சுற்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி முனை வெளியே விட்டிருந்தாள். மோட்டாரில் அப்படித்தான் விடுவார்களாம். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அப்படி இருப்பதால் எந்தப் பத்து அறுந்தது என்று பார்த்துக் குண்டு எந்த இடத்தில் பட்டது என்றும் கண்டுபிடித்துவிடலாம். இதை நான் உடனே கவனித்துவிட்டேன்.

பிப்ரவரி 13, திங்கள்

விழுந்துவிட்டது.

முதல் ஷாட்டிலேயே. சைரன், வெடி, அவ்வளவுதான். ஃபிலிமை டெவலப்பரிலிருந்து எடுத்துச் சிவப்பு விளக்கில் பிடித்தேன். குண்டு பாதி தகட்டுக்குள், பாதி வெளியே. மூக்கு நசுங்கிக் காளான் குடை மாதிரி விரிந்திருக்கிறது. பின்பக்கம் தகடு புடைத்து, புடைப்பின் ஓரத்திலிருந்து மூன்று விரிசல் கிளம்புகிறது. அதை இதுவரை யாரும் பார்த்ததில்லை, எங்கள் ஆய்வுக்கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கழுவுகிற மருந்தின் நெடி அப்படி.

வசந்தாமணி எட்டிப் பார்த்து, "விழுந்துருச்சுங்களா?" என்றாள். படத்தைக் காட்டினேன். கிட்டே போய்ப் பார்த்தாள், சிரித்தாள். மோகன்ராம் வந்து என் முதுகில் தட்டினார். இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவை.

மார்ச் 3, வெள்ளி

நோட்டீஸ் போர்டில் சர்க்குலர். கம்பிச் சட்டத்துக்குப் பேட்டன்ட் கேட்டு விண்ணப்பம் போடப்போகிறார்கள். கண்டுபிடித்தவர் என்று விண்ணப்பத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்களுக்கு ஒரு கிரேடு உயர்வு. காண்ட்ராக்டில் இருப்பவரானால் நிரந்தரம்.

எனக்கு ஒரு கிரேடு உயர்ந்தால் ஆபீசர். அறை, மேசை, கதவில் பெயர். இன்னும் இரண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கிறது. ஆபீசராக வெளியே போவதும் டெக்னீசியனாக வெளியே போவதும் ஒன்றா?

மார்ச் 6, திங்கள்

சர்க்குலரை யாரோ அவளுக்குப் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரியாது, தமிழ் நன்றாகப் படிப்பாள்.

"ஏனுங்ணா, உங்க பேருக்குக் கீழ எம்பேரையும் ஒரு வரி போட்டு உட்டீங்கன்னா... ஒம்பது வருசமா மூணு மாசத்துக்கு ஒருக்கா காண்ட்ராக்டரு என்ன சொல்லுவாரோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கறனுங். நெரந்தரமாயிட்டா அந்தத் தொல்லை இல்லீங்ளே."

"பாக்கலாம் அம்மிணி" என்றேன்.

பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். போடுகிறேன் என்று சொல்லவில்லை.

மார்ச் 7, செவ்வாய்

ஆறு நாளாகத் தண்ணீர் வரவில்லை. லாரிக்காரனுக்குச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 15, புதன்

வயிறு எரிகிறது. விண்ணப்பத்தின் நகலை டைப்பிஸ்ட் காட்டினார். கண்டுபிடித்தவர்: டாக்டர் மோகன்ராம். அவ்வளவுதான். ஒரே பெயர்.

இந்த மனுஷன் சட்டத்தைக் கையால் தொட்டிருப்பாரா? எந்தப் பக்கம் முனை என்று தெரியுமா? முதுகில் தட்டியதும் இதற்குத்தான். உழுகிறவன் ஒருத்தன், அறுக்கிறவன் இன்னொருத்தன். அடுத்தவன் மூளையில் விளைந்ததைத் தன் பெயரில் எழுதிக்கொள்கிறவனுக்கு ராத்திரி தூக்கம் எப்படி வருகிறது? சோற்றில் கை வைக்கும்போது கூசாதா?

மார்ச் 16, வியாழன்

எம்.டி.க்குப் புகார் எழுதினேன். மூன்று பக்கம். "இது முழுக்க முழுக்க என் சொந்தச் சிந்தனை" என்ற வரியை அடிக்கோடிட்டேன்.

வீட்டில் ரங்கநாயகியிடம் படித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்த வைண்டிங் புள்ளைதான் கம்பி கட்டலாம்னு சொல்லுச்சுன்னு அன்னைக்கு வந்து சிரிச்சீங்க?"

"அவ ஏதோ வாய்க்கு வந்தத சொன்னா. யோசிச்சது நான்."

"அப்புறம் அந்தப் புள்ள பேரையும் சேத்துப் போட்டா உங்களுக்கு என்ன கொறஞ்சு போகுது?"

பெண்டாட்டிக்கு ஆபீஸ் விவகாரம் புரியாது. வசந்தாமணி பெயரை நுழைத்தால் மோகன்ராம் என்ன சொல்வார்? நாச்சிமுத்துவும் கண்டுபிடிக்கவில்லை, அந்தப் பொம்பளைதான் என்று சொல்லி என்னைக் கழற்றிவிடுவார். முதலில் நான் உள்ளே போக வேண்டும். உள்ளே போனபின் அவளுக்கு ஒரு வழி செய்ய முடியாதா?

மார்ச் 27, திங்கள்

எம்.டி. ஆபீஸிலிருந்து பதில். ஏப்ரல் 19 அன்று சென்னையிலிருந்து பேட்டன்ட் வக்கீல் வருகிறார். இரண்டு விஷயம் கேட்கிறார். ஒன்று, யோசனை எந்தத் தேதியில் யாருக்கு வந்தது என்பதற்கு அப்போதே எழுதிய குறிப்பு. இரண்டு, உரிமை கோருகிறவர் தன் கையால் ஒரு கம்பிச் சட்டம் சுற்றிக் காட்ட வேண்டும், அதை வைத்து ஒரு ஷாட் எடுக்க வேண்டும்.

குறிப்பா? நான்தான் தினமும் டைரி எழுதுகிறேனே! மோகன்ராமிடம் என்ன இருக்கிறது?

மார்ச் 28, செவ்வாய்

டைரியைத் திருப்பிப் பார்த்தேன். இதை அப்படியே கொடுக்க முடியாது. கையெழுத்து சுத்தமாக இல்லை. வீட்டு விஷயமெல்லாம் கலந்திருக்கிறது.

மார்ச் 29, புதன்

மார்ச் முடியப் போகிற நேரத்தில் இந்த வருஷத்து டைரி எங்கே கிடைக்கும்? டவுன்ஹால் பக்கம் ஆறு கடை ஏறினேன். கடைசியில் உரக்கடை மாரப்ப கவுண்டர் அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்று எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியா விளம்பரம். பரவாயில்லை.

ஏப்ரல் 2, ஞாயிறு

ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லாவற்றையும் சுத்தமாக எழுதி முடித்துவிட்டேன். மூன்று பேனா மாற்றி மாற்றி எழுதினேன். சில பக்கத்தில் டீயைச் சொட்டவிட்டேன். பிப்ரவரி 8 அன்று: "உணவு இடைவேளையில் தனியாக அமர்ந்து யோசித்தபோது, தாளுக்குப் பதில் கம்பி என்று தோன்றியது." பொய் ஒன்றும் இல்லை. உணவு இடைவேளையில்தான், யோசனைதான்.

இந்தப் பழைய டைரியை என்ன செய்வது? அடுப்பில் போடலாம் என்று எடுத்துக்கொண்டு போனேன். பழகிய பழக்கம், விட முடியவில்லை. பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 6, வியாழன்

சன்னக் கம்பி ஒரு சுருள் வாங்கி வந்து வீட்டில் சுற்றிப் பார்த்தேன். நாற்பது சுற்றுக்குள் ஏழு இடத்தில் அறுந்தது.

ஏப்ரல் 11, செவ்வாய்

இரண்டு விரலில் பிளாஸ்திரி. நகத்தால் தட்டிப் பார்க்கிறேன், எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது. இது என்ன பெரிய வித்தையா, கூலி வேலைதானே. அவளிடம் கேட்கலாம். கேட்டால் எதற்கு என்று கேட்பாள்.

ஏப்ரல் 14, வெள்ளி

தமிழ் வருஷப் பிறப்பு. வேப்பம்பூ ரசம், பாயசம். நூறு சுற்று வரை வந்தது. பிறகு அறுந்தது.

ஏப்ரல் 19, புதன்

வக்கீல் தேவநேசன் வந்தார். என் வயதுதான் இருக்கும், சாந்தமான மனிதர். யூரியா டைரியை வாங்கி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். "தினமும் இவ்வளவு சுத்தமா எழுதுவீங்களா?" என்றார். "பழக்கம் சார்" என்றேன். மோகன்ராம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வைண்டிங் அறையில் சட்டத்தைக் கையில் கொடுத்தார்கள். மூலையில் வசந்தாமணி தன் காயிலைச் சுற்றிக்கொண்டிருந்தாள். இருபது சுற்றில் அறுந்தது. முடிச்சுப் போட்டேன். முப்பத்தைந்தில் மறுபடி அறுந்தது. வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மோகன்ராம், "வாங்க சார், அவர் மெதுவா முடிக்கட்டும், நாம டீ சாப்பிட்டு வரலாம்" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அவர்கள் போனதும் அறுந்த நுனிகளைத் தேடிக்கொண்டிருந்தேன். வசந்தாமணி எழுந்து வந்தாள். என் சட்டத்தை வாங்கிப் பார்த்தாள். அதை எடுத்துப்போய்ப் பழைய கம்பித் தொட்டியில் போட்டாள். தன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு சட்டத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். முழுதாகச் சுற்றியது, முனைகளெல்லாம் எடுத்துக் கட்டியது.

"உங்களுக்கு வராதுன்னு தெரியுமுங்ணா. நேத்தே சுத்தி வெச்சுட்டேன்."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"படம் விழுகோணுமில்லீங்ளா" என்றாள். பிறகு மெதுவாக, "விழுந்தப்புறம் அந்த வக்கீலய்யாகிட்ட எம்பேரச் சொல்லிருங்ணா."

"சரி" என்றேன். சரி என்று சொன்னேன். அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

வக்கீல் திரும்பி வந்து சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வலது பக்கத்துல இருந்து ஆரம்பிச்சிருக்கு. நீங்க இடது கைக்காரரா?"

"அப்படியே பழகிட்டேன் சார்."

அவர் கொடுத்த தாளில் நான் கையெழுத்துப் போட்டபோது என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாளை மடித்துப் பைக்குள் வைத்தார்.

ஷாட் எடுத்தோம். படம் விழுந்தது. பிப்ரவரிப் படத்தைவிட நன்றாக விழுந்தது. குண்டின் நுனி தகட்டைத் தொட்ட இடத்தில் தூள் கிளம்புவதுகூடத் தெரிந்தது. வக்கீல் ஈரப் படத்தைப் பார்த்துக்கொண்டே இங்கிலீஷில் கேட்டார்: இந்த யோசனையிலோ இதைச் செய்ததிலோ வேறு யாருக்காவது பங்கு உண்டா?

மோகன்ராம் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஒரு பெயரைச் சொன்னால் போதும், பாய்ந்து பிடித்துக்கொள்வார். வசந்தாமணி நாலடி தள்ளி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"நோ சார்" என்றேன்.

இங்கிலீஷ் பேச்சு. அவளுக்குப் புரிந்திருக்காது.

மே 2, செவ்வாய்

ஆர்டர் வந்துவிட்டது. கண்டுபிடித்தவர்கள்: டாக்டர் மோகன்ராம், திரு. நாச்சிமுத்து. இந்த மாதத்திலிருந்து நான் ஆபீசர். ஸ்வீட் பாக்ஸ் வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். மோகன்ராம் மைசூர்பாவை வாயில் போட்டுக்கொண்டு கை குலுக்கினார். வக்கீல் இரண்டு பேரையும் சமாதானமாகப் போகச் சொன்னாராம்.

வசந்தாமணிக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். "எம்பேரு வந்துச்சுங்களா?" என்றாள். "அது அடுத்த லிஸ்ட்ல வரும்" என்றேன். அவள் மைசூர்பாவைக் காகிதத்தில் மடித்து டிபன் பாக்ஸில் வைத்துக்கொண்டாள்.

ரங்கநாயகி கோயிலுக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். தலைவலியாம்.

மே 15, திங்கள்

கதவில் பெயர்ப் பலகை மாட்டினார்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நானே நிமிர்த்தினேன்.

ஜூன் 12, திங்கள்

பெங்களூர்க் கம்பெனிக்காரர்கள் ஒரு பலகை கொண்டுவந்தார்கள். கம்பியே இல்லை. பிளாஸ்டிக் அட்டையில் தாமிரக் கோடுகள் அச்சடித்திருக்கிறது. நம் சட்டத்தின் வரைபடத்தைப் பார்த்து அப்படியே செய்திருக்கிறார்கள், பத்துப் பத்தாகப் பிரித்து, வலப்பக்கம் தொடங்கி. ஒரு நாளைக்கு இருநூறு அச்சடிப்பார்களாம். இரண்டு ஷாட் எடுத்தோம். இரண்டும் விழுந்தது.

மோகன்ராம் சொன்னார்: "இனிமே வைண்டிங் செக்ஷன் எதுக்கு? காயிலையும் அவங்ககிட்டயே வாங்கிக்கலாம். காண்ட்ராக்ட் ஆளுங்க ஆறு பேர் இருக்காங்க. செக்ஷன் ஆபீசர் நீங்க, நீங்களே லெட்டர் குடுத்துருங்க."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 28, புதன்

ஆறு கடிதமும் டைப் ஆகி வந்துவிட்டது. மேசையில் வைத்திருக்கிறேன். மழை தூறல்.

ஜூன் 30, வெள்ளி

காலையில் வருகைப் பதிவு பார்க்கிற டைம் ஆபீஸ்காரன் வந்து நின்று, "சார், ஒண்ணாவது குடுங்க, மேல கேக்கறாங்க" என்றான். மேலே இருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். யாருடையது என்று பார்க்கவில்லை. பார்த்தேன்.

பதினோரு மணிக்கு வசந்தாமணி கதவைத் தட்டினாள். இந்த அறைக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. கவரிலிருந்து கடிதத்தை எடுத்து மேசையில் விரித்தாள்.

"இங்கிலீசுல இருக்குதுங்ணா. என்னன்னு படிச்சுச் சொல்லுங்."

மூன்றே வரி. இன்றோடு உங்கள் சேவை தேவையில்லை, அடையாள அட்டையை ஒப்படைக்கவும், நன்றி. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

"அது... வேலை கொஞ்சம் கம்மியா இருக்குதாம் அம்மிணி. ரெண்டு மூணு மாசம் வீட்ல இருக்கச் சொல்லியிருக்காங்க. ஆவணி கழிஞ்சதும் அவங்களே ஆளு அனுப்பிக் கூப்புடுவாங்களாம். அவ்வளவுதான், பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல."

"அப்படித்தான் போட்டிருக்குதுங்களா?"

"அப்படித்தான்."

"யாருங்ணா இத எழுதுனது?"

"மேல இருந்து வர்றதுதான் அம்மிணி. நமக்கு என்ன தெரியும்."

அவள் கடிதத்தை எடுத்து நாலாக மடித்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"மேல இருக்கற மூணு வரிதானுங்ணா எனக்குத் தெரியாது. கீழ உங்க கையெழுத்து தமிழ்லதான போட்டிருக்கீங்க. அதப் படிச்சுட்டுத்தான் வந்தேன். உங்க வாயால உண்மையச் சொல்லுவீங்கன்னு நெனச்சேன். செரி, வர்றனுங்."

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.

பேனா மூடியைத் திறந்தேன். பிறகு மீதி ஐந்து கடிதத்தையும் எடுத்துக் கையெழுத்துப் போட்டு டைம் ஆபீஸுக்கு அனுப்பினேன். இங்கிலீஷில் போட்டேன்.